வரிக்குதிரைகளை நகர்த்திய சம்லீ

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது சொங்க்ரான் முடிந்த மறுநாள், ஒரு வியாழக்கிழமை. தண்ணீர்த் திருவிழாவில் ஆளுக்கு ஆள் பூசிக்கொண்ட வெள்ளை மாவு சாலையோரத்தில் இன்னும் காய்ந்து கிடந்தது. விமானத்துக்கு நேரமாகிவிட்டது. முதுகில் பையோடு சந்து முனையிலிருந்த பைக் டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆண்கள் "இங்க வா தங்கச்சி" என்று கூப்பிட்டார்கள். நான் யாரையும் பார்க்காமல் சம்லீ அக்காவின் வண்டியில் ஏறினேன். ஸ்டாண்டில் அவள் ஒருத்திதான் பெண். அதுவரை பாங்காக்கில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவளை முந்தியவன் எவனும் இல்லை.

"ஏர்போர்ட் பஸ் நிக்கிற இடம், அக்கா. பறக்கணும்."

"முதல்ல இதைப் போடு." ஒரு ஹெல்மெட்டை நீட்டினாள். அதற்குள் துவைத்து மடித்த துணித் தொப்பி ஒன்று இருந்தது.

"இங்க இருக்கிற பஸ்ஸுக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"பக்கத்துல விழுந்தா உன் தலை உடையாதா?"

போட்டுக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஐஸ் கட்டி இழுத்துப் போகும் கிழவர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். ஸ்டாண்டுப் பையன்கள் ஒவ்வொருவராக முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். புளியமரத்து அம்மன் வளைவு வந்ததும் சம்லீ வண்டியை முழுசாக நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா! என்ன பண்றீங்க? பஸ் போயிடும்!"

"போனா அடுத்தது வரும்."

"ப்ளேன் போயிடும்!"

"அதுவும் அடுத்தது வரும். நீ ஒருத்திதான் வரமாட்ட."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. விமானமும் போனது. மறுநாள் வேறொரு விமானத்தில், வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.

பிறகு நெடுங்காலம் அலைந்தேன். திராட்சைத் தோட்டங்களில், மலை விடுதிச் சமையலறைகளில், ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்த்தேன். ஒரு ஊரில் சாலையைக் கடக்கக் கால் வைத்ததும் எதிரே வந்த கார் நின்றுவிட்டது. என்னவோ தப்பு செய்துவிட்டோம் என்று நான் பயந்து பின்வாங்கினேன். கார்க்காரர் கையைக் காட்டிப் போகச் சொன்னார். எங்கள் ஊரில் வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் கார் வேகம் எடுக்கும், நடப்பவன் முந்திக்கொள்ளக் கூடாதே என்று. அந்தக் கார்க்காரருக்கு நன்றி சொல்லும்போது எனக்கு சம்லீயின் ஞாபகம்தான் வந்தது.

திரும்பி வந்த வாரமே ஜே ஹொங் கடையில் அரிசிக் கஞ்சி சாப்பிடப் போனேன். ஜே ஹொங் சந்து முனையில் முப்பது வருஷமாகக் கஞ்சி விற்பவள். சந்தின் செய்திகள் அவள் கரண்டி வழியாகத்தான் வெளியே வரும்.

"சம்லீயா? இன்னும் ஆமைதான்" என்றாள். "அவளுக்கு யாரோ செத்துட்டாங்க, அதான்."

"யாரு?"

"புருஷன். லாரி அடிச்சு."

பக்கத்து மேஜையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கோல்ஃப் என்ற பையன் சிரித்தான். ஸ்டாண்டில் இப்போது அவன்தான் ராக்கெட். "எந்தப் புருஷன், ஜே? அவ புருஷன் ரோயெட்டுல ரெண்டாவது குடும்பத்தோட ஜம்முனு இருக்கான். போன மாசம்கூடப் பேசினான். ஒரு ஜோசியக்காரன் அக்காவை பயமுறுத்திட்டான். அதுதான் விஷயம்."

"ஜோசியக்காரன் இல்ல, கண்ணு போயிடுச்சு" என்றார் இன்னொருவர்.

யாருக்கும் ஒரு காரணம் இல்லாமல் இருக்க முடியவில்லை. வேகமாகப் போகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மெதுவாகப் போகிறவளுக்கு ஒரு பிணம் வேண்டியிருந்தது.

நானும் போய்க் கேட்டேன். சம்லீ வண்டியின் இருக்கைக் கிழிசலை மீன்பிடி நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். தைப்பது அவளுக்குப் பழக்கம். பதினெட்டு வயதில் சொந்த ஊரான ரோயெட்டிலிருந்து வந்து, சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது கிடைத்ததில் இந்த வண்டியை வாங்கினாள். பெண்ணுக்கு ஆரஞ்சுச் சட்டை எதற்கு என்று ஸ்டாண்டில் கேட்டார்கள். அதற்குப் பதிலாக அவள் வண்டியைக் கிளப்பினாள். எல்லோரையும் முந்தினாள். பரீட்சைக்கு நேரமான பிள்ளைகளும் பிரசவ வலியில் துடித்தவர்களும் அவளைத்தான் தேடி வந்தார்கள். சட்டை கிடைத்தது வேகத்தால்தான்.

"யாரு செத்தா, அக்கா?" என்றேன்.

"நீயுமா?" நூலைப் பல்லால் கடித்தாள். "நீ ஊரைவிட்டுப் போறதுக்குக் கொஞ்சம் முன்னால, ஒரு நாள் ஜே ஹொங்கை மார்க்கெட்டுலேர்ந்து கூட்டிட்டு வந்தேன். மடியில மீன். நல்ல வேகம். அம்மன் வளைவுல எல்லாரும் மாதிரி மூணு தடவை ஹாரன் அடிச்சேன். கோயில்ல வெச்ச அந்தக் குதிரைச் சிலைங்களுக்கு நடுவுல ஒரு சிமெண்ட் லாரியோட மூக்கு தெரிஞ்சுது. பிரேக்கைப் புடிச்சேன். நின்னுது. லாரி போயிடுச்சு. ஜே ஹொங் பின்னால மீனு விலை ஏறிப்போனதைப் பத்திப் பேசிட்டே இருந்தா. அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஒண்ணும் நடக்கல. மீனைக் கழுவி சட்டியில போட்டா."

"அவ்வளவுதானா?"

"ஏன், பத்தலையா?" அவள் குரல் உயர்ந்தது. "ரோடு காஞ்சிருந்துது, அதனால நின்னுது. ஈரமா இருந்தா நின்னிருக்காது. யாராவது செத்துக் குடுத்தாத்தான் நான் மெதுவாப் போகலாமா? அப்படின்னா யாரு சாகணும்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

அந்த வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கால்வாய்ப் பாலம் இறங்கி, எங்கள் சந்து பெரிய சாலையோடு சேரும் இடம் அது. முனையில் ஒரு புளியமரம், அதன் அடியில் அம்மனின் சிறு கோயில். விபத்தில் தப்பித்தவர்கள் அம்மனுக்கு வரிக்குதிரைச் சிலை கொண்டுவந்து வைப்பார்கள். சாலை கடக்கும் இடத்து வெள்ளைக் கோடுகள் அதன் உடம்பில் இருப்பதால் அது காக்கும் என்று நம்பிக்கை. உள்ளங்கை அளவு குதிரைகளில் ஆரம்பித்து, கன்றுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது. வரிசை வரிசையாக, ஒன்றன் மேல் ஒன்றாக, சாலை விளிம்பு வரை. நடுவில் சிவப்பு சோடா பாட்டில்கள், காய்ந்த சாமந்தி மாலைகள். குதிரைகள் கூடக் கூட எதிரே வரும் வண்டி தெரியாமல் போனது. தெரியாததால் விபத்து கூடியது. விபத்து கூடியதால் குதிரைகள் கூடின.

ஸ்டாண்டுக்காரர்கள் அங்கே வரும்போது மூன்று முறை ஹாரன் அடித்து, ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிடுவார்கள். பக்தியில் வேகம் குறைத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், சாலையை ஒட்டி, ஆளுயரத்தில் ஒரு குதிரை நின்றது. அது தவீ அண்ணன் வைத்தது. தவீ ஸ்டாண்டின் தலைவர். அவர்தான் சட்டை கொடுப்பார், அவர்தான் பிடுங்குவார். ஒரு மழைநாளில் அவருடைய வண்டி பஸ்ஸுக்கு அடியில் போயிற்று. அவர் மட்டும் புளியமர வேரில் போய் விழுந்து பிழைத்தார். வண்டியின் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை இன்னும் கழுத்துச் சங்கிலியில் மற்றத் தாயத்துகளோடு மாட்டியிருக்கிறார். அந்தக் குதிரை அவருக்குச் சிலை இல்லை, உயிர்.

அந்த வருஷ சொங்க்ரானுக்கும் பாலத்தின் அந்தப் பக்கம் போலீஸ் பந்தல் போட்டிருந்தது. ஏழு நாளும் தொலைக்காட்சியில் சாலை விபத்தில் செத்தவர்களின் எண்ணிக்கையைச் சொன்னார்கள். பந்தலில் குளிர்ந்த துண்டும் காபியும் கொடுத்தார்கள். அது கண்ணில் பட்டதும் முழங்கையில் தொங்கிய ஹெல்மெட்டுகள் தலைக்கு ஏறின, தாண்டியதும் இறங்கின. கோல்ஃப் இரண்டு முறை காபி வாங்கிக் குடித்தான்.

எட்டாம் நாள் பந்தலைப் பிரித்தார்கள். அன்று காலை, பிக்குகள் பிச்சை வாங்கிப் போன பிறகு, எல்லோரும் பார்க்க சம்லீ அம்மன் கோயிலுக்குப் போனாள். ஊதுபத்தி ஏற்றி, முழந்தாளிட்டு, சத்தமாகவே பேசினாள்.

"அம்மா, உங்க குதிரைங்க வழியை மறைக்குது. கொஞ்சம் நகத்தி வைக்கிறேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

ஊதுபத்தி எரிந்து முடியும் வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து முதல் குதிரையைத் தூக்கினாள்.

"தொடாதே சம்லீ!" கரண்டியோடு ஜே ஹொங் ஓடி வந்தாள். "அதுல எத்தனை பேரோட சாவு ஒட்டியிருக்கு தெரியுமா? உன் கூடவே வீட்டுக்கு வரும்!"

"வரட்டும். என் வீட்டுல தனியாத்தானே இருக்கேன்."

ஒருவரும் உதவிக்கு வரவில்லை. நான் போனேன். குதிரைகளின் வயிற்றுக்குள் எறும்பும் பல்லியும் குடியிருந்தன. கால்வாய்ச் சுவரை ஒட்டிச் சாலையைப் பார்த்தபடி வரிசையாக நிறுத்தினோம். ஒன்றையும் தூக்கிப் போடவில்லை, மாலைகளைக்கூட அதனதன் கழுத்திலேயே மாட்டினாள். கடைசியாகத் தவீயின் குதிரையை இரண்டு பேரும் சேர்த்து இழுத்தோம். அது நகர்ந்ததும் பாலம் தெரிந்தது. பாலத்தில் இறங்கும் லாரி தெரிந்தது. அதன் ஓட்டுநர் பல் குத்துவதுகூடத் தெரிந்தது.

"பாத்தியா?" என்றாள் சம்லீ, வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "இவ்வளவு நாளா அந்தப் பக்கம் ஒரு ரோடு இருந்திருக்கு."

தவீ வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"அம்மனைக் கேட்டேன், அண்ணே. வேண்டாம்னு சொல்லல."

"கிண்டலா? என் உயிரைக் காப்பாத்தின இடம் இது."

"உங்க உயிரைக் காப்பாத்தின அம்மன் அங்கேயேதான் இருக்கா. நான் குதிரையைத்தான் நகத்தினேன்."

"சம்லீ, உனக்கு நான் சட்டை குடுத்தப்போ இந்த ஸ்டாண்டே என்னைத் திட்டுச்சு. தெரியும்ல?"

"தெரியும். அதுக்காக நீங்க வளைவுல கண்ண மூடிக்கிட்டு வரச் சொன்னா வரமுடியாது."

தவீ இறங்கி, தன் குதிரையின் முதுகைத் தடவினார். அதன் காது ஒன்று இழுத்ததில் உடைந்திருந்தது. அந்தக் காதைத் தேடி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாம் பழைய இடத்துல இருக்கணும்" என்றார். "இல்லேன்னா சட்டையைக் குடுத்திடு. இனிமே இங்க எவன் விழுந்தாலும் உன் தலையிலதான்."

சட்டை இல்லாமல் ஸ்டாண்டில் ஆள் ஏற்ற முடியாது. அந்த ஆரஞ்சுத் துணிதான் அவளுடைய சோறு. அதற்காகத்தான் அத்தனை வருஷம் எல்லோரையும் முந்தியிருந்தாள். சந்து முழுக்க அந்த வாரம் ஒரே பேச்சு. யாருமே வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும், ஒரு விபத்துக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். கஞ்சிக் கடையில் பிரேக் சத்தம் கேட்டால் எல்லாக் கரண்டியும் நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை கோல்ஃப் விழுந்தான். வழக்கம்போல மூன்று ஹாரன், வழக்கமான வேகம், இரண்டு கையும் மேலே. கும்பிடக் குதிரைகளைத் தேடியிருக்கிறான், அவை பழைய இடத்தில் இல்லை. தலையைத் திருப்பினான். வண்டி ஒரு பக்கம் போக, அவன் சோடா பாட்டில்களின் மேல் போய் விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. எதிரே வந்த வேன்காரர் தூரத்திலேயே அவனைப் பார்த்து நிறுத்திவிட்டார். அதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

ஞாயிறு காலை ஸ்டாண்டில் எல்லோரும் கூடினார்கள். கோல்ஃப் கட்டுப் போட்ட கையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அம்மனுக்குக் கோபம்" என்றான். "நான் கும்பிடும்போது என்னைத் தள்ளிவிட்டா."

"ரெண்டு கையையும் எடுத்தா யாரும் தள்ள வேண்டாம், தானா விழுவ" என்றாள் சம்லீ.

"இத்தனை வருஷமா எடுத்துட்டுத்தானே ஓட்டினேன்? விழுந்தேனா?"

"அதையே வேன்காரன்கிட்ட கேளு. முந்தி மாதிரி மறைவா இருந்திருந்தா, இப்ப நாங்க உனக்குப் பூ வாங்கிட்டு இருப்போம்."

சிலர் சிரித்தார்கள். தவீ சிரிக்கவில்லை.

"சாகிற நேரம் வந்தா வீட்டுல படுத்திருந்தாலும் சாவுதான், சம்லீ. வேகத்துல என்ன இருக்கு?"

"அப்புறம் எதுக்குக் கழுத்துல இத்தனை தாயத்து, அண்ணே? நேரம் வந்தா வரட்டும்னு கழட்டி வெச்சிடுங்க."

"வாயை அடக்கு!"

"அடக்கமாட்டேன். நீங்க எல்லாம் தைரியசாலிங்க, நான் பயந்தாங்கொள்ளின்னு பேசுறீங்க. பத்து வருஷம் நானும் உங்க மாதிரி ஓட்டினேன். அது தைரியம் இல்ல. பின்னால உக்காந்திருக்கிறவ உயிரை அவளைக் கேக்காம எடுத்து விளையாடினேன். இப்ப விளையாடல. நாப்பதுலதான் போவேன். இதைச் சொல்லத்தான் எனக்கு தைரியம் வேண்டியிருக்கு."

ஜே ஹொங் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவள் மடியில் இருந்த மீனின் கதையைச் சொல்லிவிடலாமா என்று நான் சம்லீயைப் பார்த்தேன். அவள் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. ஒருவரையும் சாட்சிக்கு இழுக்க அவளுக்கு விருப்பமில்லை.

"குதிரையைத் திருப்பி வைப்பியா, மாட்டியா?" என்றார் தவீ.

"மாட்டேன்."

"அப்ப சட்டை."

சம்லீ கழற்றினாள். ஆனால் தவீயின் கையில் கொடுக்கவில்லை. சாலையைக் கடந்து கால்வாய்ச் சுவர்ப் பக்கம் போனாள். போகும் வழியில் இரண்டு பக்கமும் பார்த்தாள், ஸ்டாண்டே பொறுமையிழக்கும் வரை நின்று பார்த்தாள். ஒரு காது போன பெரிய குதிரைக்கு அந்தச் சட்டையைப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"இவன் ஓட்டட்டும்!" என்று அங்கிருந்தே கத்தினாள். "ஸ்டாண்டுல இவன் ஒருத்தன்தான் வேகமாப் போகமாட்டான்!"

கோல்ஃப் முதலில் சிரித்தான். சிரித்ததும் தோள் வலித்து "ஐயோ" என்றான். தவீ போய்ச் சட்டையைக் கழற்றவில்லை. அம்மன் எதிரில் குதிரைக்கு உடுத்தியதைப் பிடுங்க அவருக்குக் கை வரவில்லை. குதிரைகளைத் திருப்பி வைக்கச் சொல்லியும் ஒருவரும் தொடவில்லை, ஜே ஹொங் சொன்ன அந்தச் சாவுகளின் பயம்தான்.

பாலத்தில் இறங்கி வரும் வண்டிக்காரர்கள் ஆரஞ்சுச் சட்டை போட்ட வரிக்குதிரையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்கள், படம் எடுத்தார்கள், என்ன இது என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் அதுவும் பழகிப்போயிற்று. மறுபடியும் வேகமாகத்தான் போனார்கள். ஆனால் எதிரே வருவது தெரிந்தது.

சம்லீ வண்டியின் பக்கத்தில் ஒரு கூடை வண்டியை இணைத்து, கால்வாயின் அந்தக் கரைக்குப் போய்க் காய்கறி விற்க ஆரம்பித்தாள். எங்கள் சந்துக்கு வருவதில்லை. தவீயின் எண்ணைப் போனில் தடுத்துவிட்டாள். "ஆளையே தடுத்திருக்கணும், போன்தான் கெடச்சுது" என்றாள். பீன்ஸை எடை போடும்போது முந்திப் போகிறவர்களைக் கெட்ட வார்த்தையில் வாழ்த்துவாள். வாங்க வந்தவர்கள் முதலில் முகம் சுளித்து, பிறகு அவள் திட்டைக் கேட்கவே நின்றார்கள். ஸ்டாண்டில் கிடைத்ததில் பாதிகூடக் கிடைக்கவில்லை. திரும்பிப் போய்ச் சட்டையைக் கேளுங்கள் என்று ஒரு முறை சொன்னேன். அன்று எனக்குக் கொத்தமல்லி கொடுக்கவில்லை.

மழைக்காலம் இரண்டு வந்து போயிற்று. நான் மறுபடி எங்காவது கிளம்பலாமா என்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், என் போனுக்குத் தவீயிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வாழ்நாளில் அவர் எனக்கு அனுப்பிய முதல் செய்தி.

"ஃபாங், அவ என் போனை எடுக்கமாட்டா, அதனால உன்கிட்ட சொல்றேன். புதுசா ஒருத்தன் யானை மாதிரி ஒரு குதிரை கொண்டுவந்து அந்த மூலையிலேயே வெச்சிட்டுப் போயிட்டான். பாலமே தெரியல. நகத்துடான்னா, நீங்க மட்டும் வெச்சீங்களேன்னு கேக்கறான். எனக்கு பதில் தெரியல. பசங்க யாரும் தொட பயப்படறாங்க, நானும்தான். சம்லீயை வரச் சொல்லு. என் குதிரை மேல இருந்த அவ சட்டையை எடுத்துத் துவைச்சு வெச்சிருக்கேன், வேற யாருக்கும் குடுக்கல. மன்னிப்பு எல்லாம் கேக்கமாட்டேன்னு அதையும் சொல்லிடு."